வானவில் வெள்ளி

"ஆயிரத்து இருநூறு டாலரா? இதே வருஷத்துக் காசை எண்பதுக்கு நானே தரேன்மா!" பக்கத்து மேசையில் பழைய காசு விற்கும் கஸ் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான்.

டோரீன் அவன் பக்கம் திரும்பவில்லை. வெள்ளி டாலரின் விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்கு நேரே மெல்லச் சாய்த்தாள். ஓரத்தில் மஞ்சள், உள்ளே ஊதா, நடுவில் மயில் கழுத்துப் பச்சை.

"வெள்ளிக்கா குடுக்கறேன்? இந்தக் கலருக்குக் குடுக்கறேன். நீங்க பில்லைப் போடுங்க ராய்ஸ்."

ராய்ஸ் பில் போட்டான். அந்தக் கலர் நூறு வருஷம் பெட்டியில் கிடந்து தானாக ஏறியதல்ல. போன வாரம், கந்தகம் தூவிய காகிதத்தில் சுற்றி அவன் வீட்டு அடுப்பில் வைத்து ஏற்றியது.

ஆனால் பணத்தைவிட அவனுக்கு இனித்தது அவளுடைய பெயர்தான். எல்மர் பெட்ரோஸ்கியின் மனைவி!

எல்மர் தன் சேமிப்பையெல்லாம் ராய்ஸின் வானவில் காசுகளில் போட்டவன். அத்தனையும் சுட்டெடுத்த போலிக் கலர் என்று நிபுணர்கள் திருப்பி அனுப்பியதும், இதே டொலீடோ நாணயக் கண்காட்சியில் ஊரைக் கூட்டிவிட்டான். "இவன் காசு விக்கலைய்யா, சுட்டு விக்கறான்!" என்று அவன் கத்தியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நாணய வியாபாரிகள் சங்கத்திலிருந்து ராய்ஸை விலக்கினார்கள்; வியாபாரம் படுத்தது.

அந்த எல்மர் போன பனிக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான், ராய்ஸ் பழிதீர்க்க வழியில்லாமல். இப்போது அவன் பெண்டாட்டியே இன்ஷூரன்ஸ் பணத்தோடு தேடி வருகிறாள். இது அவளுக்கு விற்கும் மூன்றாவது காசு.

"உங்க வீட்டுக்காரர் என்னைப் பத்திச் சொல்லியிருப்பாரே?" என்று ஆழம் பார்த்தான்.

"சொல்லாம என்ன? அவருக்கு யாரைத்தான் பிடிச்சுது? காசுன்னு நான் வாயெடுத்தாலே, உனக்கென்ன தெரியும்னு மட்டம் தட்டுவார்." டோரீன் உதட்டைச் சுழித்தாள். "அவருக்குப் பிடிக்காத கடையில அவர் பணத்தை வாரி இறைக்கறேன் பாருங்க, அதுல ஒரு சுகம்."

ராய்ஸுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. 'எல்மர், கேட்டியாடா?'

கிளம்பப் போனவள், மேசை நடுவில் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நின்றாள்.

"இது என்ன?"

"ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்து மூணுல சான் பிரான்சிஸ்கோவில அடிச்சது. லேசில கிடைக்காது. எங்க தாத்தா வெச்சிருந்த காசு. நாப்பதாயிரத்துக்குக் கேட்டாங்க, நான் தரலை."

"இதுக்கா? ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெளுத்துக் கிடக்கு!" என்று முகத்தைச் சுளித்தாள். "இதே காசு வானவில் கலர்ல கிடைச்சா எண்பதாயிரம் தருவேன். அந்த மனுஷன் விட்டுட்டுப் போன வீட்டை வித்தாவது தருவேன்."

ராய்ஸின் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. "கொலம்பஸ் ஊர்ல ஒரு கிழவர்கிட்ட இருக்கு. அடுத்த மாசம் கொண்டு வரேன்."

அப்படி ஒரு கிழவரே கிடையாது. ஆனாலும் வீட்டில் அவன் மனசு சட்டென்று சம்மதித்துவிடவில்லை. தாத்தாவின் காசைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தே இருந்தான். அவனிடம் இருந்த காசுகளில் சுத்தமான சரக்கு அது ஒன்றுதான். சூடு பட்ட வெள்ளியின் பழைய மினுக்கம் எதில் முக்கி எடுத்தாலும் திரும்பாது. நிபுணர்கள் கண்ணில் பட்டால் தள்ளிவிடுவார்கள். பத்தில் ஒரு பங்கு விலை தேறினால் பெரிது.

ஆனால் எல்மரின் வீடு! எல்மர் தன் கையால் கட்டிய வீடு விலைபோய், அவன் பெண்டாட்டி வாடகைக்கு இடம் தேடி அலைய வேண்டும். அந்த நினைப்பு வந்ததும் ராய்ஸ் எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தான்.

அடுத்த மாதம் டோரீன் சொன்னபடி வந்தாள். ராய்ஸ் கறுப்பு வெல்வெட் துணியை விலக்கியதும் கஸ்ஸே தன் மேசையை விட்டு எழுந்து வந்துவிட்டான்.

சூரியன் சாயும் ஏரி மாதிரி இருந்தது காசு. அவன் கைக்கு அதுவரை வராத அழகு.

"உன் கண்ணாடிப் பெட்டி எங்கடா? வழக்கமா நடுவுலதானே வைப்பே?" என்றான் கஸ்.

"வீட்டுல இருக்கு. சும்மா இரு" என்று ராய்ஸ் பல்லைக் கடித்தான்.

டோரீன் காசை எடுத்தாள். விளக்குக்கு நேரே சாய்த்தாள், திருப்பினாள், மறுபடி சாய்த்தாள். கைப்பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். சுற்றியிருந்த மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூடிவிட்டார்கள்.

"என்னம்மா, செக் எழுதலாமா?" ராய்ஸ் பேனாவை எடுத்து ஆசையோடு நீட்டினான்.

அவள் காசை வெல்வெட் மீது வைத்தாள். கைப்பையை மூடினாள். அவன் முகத்தை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்து, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தாத்தா காசையே அடுப்புல வெச்சுட்டீங்களா, ராய்ஸ்?"