நாலு பாத்தித் தண்ணீர்

வலைபோன்ற முகமூடி இராசநாயகத்தின் தலையை மேசையோடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. தொண்டைப் புற்றுக்குக் கதிர் பாய்ச்சும் நேரம் முழுவதும் அவர் அசையக்கூடாது. தடித்த கதவுக்கு வெளியே, சின்னத் திரையில் அவரைப் பார்த்தபடி, கதிர் இயந்திரத்தை இயக்கும் ஜெனிற்றா ஒலிவாங்கியை அருகே இழுக்கிறாள். நேற்று இரண்டு தரம் மூச்சு முட்டுகிறதென்று கையை உயர்த்தி முகமூடியைக் கழற்றவைத்துவிட்டார். "நாலே நாலு நிமிசந்தான் ஐயா," என்று அவள் கெஞ்சியபோது, "நிமிசம் எனக்குப் பிடிபடாது பிள்ளை. பாத்திக் கணக்கிலை சொல்லு, கிடக்கிறன்," என்றார், பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்கிற அந்த மனிதர்.

இயந்திரம் முனகத் தொடங்குகிறது. வயிற்றின்மேல் கோத்த விரல்கள் வெளுக்கின்றன. "ஐயா, முதலாம் பாத்திக்குத் தண்ணி போகுது." வேதக்கோயில் பாட்டுக்குழுவில் பழகிய குரல் அது, மண்வெட்டி பிடித்தறியாதவளின் குரல். இயந்திரத்தின் தலை மெல்லச் சுழல்கிறது. "இப்ப ரண்டாவதுக்குத் திருப்புறன்." விரல்கள் தளர்கின்றன. அவர் தலை அசையவில்லை, வலது பாதம் மட்டும், வாய்க்கால் வாயை மண்ணால் அடைப்பதுபோல் ஒருமுறை மெல்லச் சரிகிறது. "மூண்டாவது." நெஞ்சு சீராக ஏறி இறங்குகிறது. "நாலாவதும் நிறைஞ்சிட்டுது ஐயா. இறைப்பு முடிஞ்சுது."

உள்ளே விரைந்து முகமூடியைக் கழற்றுகிறாள். நெற்றியிலும் கன்னத்திலும் வலைக்கண்கள் பதிந்திருக்கின்றன. அவர் எழும்பாமல் கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

"என்ன ஐயா, பயமாக் கிடந்ததோ?"

"மூண்டாம் பாத்தியைக் கெதியா மாத்திப்போட்டாய், பிள்ளை. மூலை நனையேல்லை. நாளைக்கு ஆறுதலா விடு."