எட்டரை

“இருபத்து நாலு பேர்ல ஒருத்திதான்க்கா கத்துக்கிட்டிருக்கா, அதை எழுது—”

“அவ ஒருத்திதான்டா ஃபெயிலு, மத்தவங்க எல்லாம்—”

இயற்பியல் ஆய்வகத்தில் அக்காவும் தம்பியும் ஒருவர் பேச்சை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா துறைத்தலைவர். தம்பி அவளுக்குக் கீழே விரிவுரையாளர். வீட்டில் போட வேண்டிய சண்டையையும் இங்கேதான் போடுவார்கள்.

மேசையில் கற்றல் விளைவு அறிக்கை கிடந்தது. ‘மாணவர் தாமே அளந்து முடிவு காண்பார்’ என்ற வரிக்கு நேரே, ஏறக்குறைய நூறு சதவீதம் என்று அக்கா நிரப்பியிருந்தாள். நாளைக்குத் தர ஆய்வுக் குழு வருகிறது. இந்தச் சதவீதம் சரிந்தால் துறையை மூடிவிடுவார்கள்.

இறுதிச் செய்முறைத் தேர்வில் ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகம் சொல்வது ஒன்பது புள்ளி எட்டு. எல்லாருக்கும் அதுவே வந்தது.

ஒரு பெண்ணுக்கு மட்டும் எட்டரை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளை ஃபெயிலாக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவளுக்கு எப்படி எட்டரை வந்தது என்பதை இப்போதுதான் தம்பி கக்கினான்.

தேர்வுக்கு முதல் நாள் ஊசல் ஸ்டாண்டுகளில் இருந்த அளவுகோல்களை எடுத்துவிட்டு, ஜெராக்ஸில் கொஞ்சம் பெரிதாக்கிய காகித அளவுகோல்களை ஒட்டியவன் அவன்தான். பிள்ளைகள் நிஜமாகவே அளக்கிறார்களா என்று பார்க்க ஆசை. அதில் நீளம் குறைவாகக் காட்டும்; ஒழுங்காக அளந்தால் யாருக்கும் ஒன்பது புள்ளி எட்டு வராது. எட்டரைதான் வரும்.

மற்றவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தோதாக அளவுகளைச் சமைத்திருந்தார்கள்.

தேர்வாளரிடமே சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே என்றாள் அக்கா. அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை தனக்கு நாக்கு எழவில்லை என்றான்.

அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

“ஃபர்ஸ்ட் இயர் லேப் யாருதுடா?”

அவனுடையதுதான். ஒன்பது புள்ளி எட்டு வராதவர்களின் தாளில் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

அக்கா நிறுத்தவில்லை. போய்ச் சொல்லு, தாராளமாகச் சொல்லு. அவள் பாஸ், மற்ற பிள்ளைகள் தெருவில், நீ வீட்டில், துறைக்குப் பூட்டு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் இப்போது என்ன கெட்டுப்போயிற்று? கையில் வேலை ஆர்டர் இருக்கிறது, இதில் தேறினால் போதும் என்று அழுதாள். அதனால் மறுதேர்வுக்கு நானே அனுமதி வாங்கிக் கொடுத்தேன். காலையிலிருந்து பக்கத்து அறையில் செய்துகொண்டிருக்கிறாள்.

“எந்த ஸ்டாண்டுலக்கா?”

இருக்கிற ஸ்டாண்டில்தான் என்றாள்.

ஒட்டிய காகித அளவுகோல்களில் ஒன்றைக்கூட அவன் இன்னும் உரிக்கவில்லை.

கதவை நோக்கிப் பாய்ந்தான். அதற்குள் கதவே திறந்து அந்தப் பெண் வந்தாள்.

எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்டு, வகுப்பில் ‘தொணதொணப்பு’ என்று பெயர் வாங்கியவள். இன்று எதுவும் கேட்கவில்லை. கண் வீங்கியிருந்தது. தாளை அவனிடம் நீட்டினாள்.

“சார், இந்தத் தடவை கரெக்டா ஒன்பது புள்ளி எட்டே வந்துடுச்சு. போதுமா சார்?”