குரைக்கக் கூடாத நாய்

தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெயில், கழுவிவிட்ட தரையில் வட்ட வட்டமாக நெளிகிறது. கூண்டுக்குள்ளிருந்து நாய்கள் காதைக் கிழிக்கின்றன. என் கணவர் மூன்று நாள் உட்கார்ந்து கட்டம் போட்டு எழுதிய தாளை அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி வாசிக்கிறார்: முடி கொட்டக் கூடாது, குரைக்கவே கூடாது, ஆனால் திருடன் பயப்பட வேண்டும். "லாப்ரடார்தான்ப்பா," என்கிறான் மகன். "அது சோபாவையே அடைச்சுக்கும், குட்டியா பக் நாய் வாங்கலாம்," என்று மகள் சிணுங்குகிறாள். அரை மணி நேரமாக இதே பாட்டு. நாய்ப் பண்ணைக்காரர் கையில் ரப்பர் குழாயோடு நிற்கிறார். அதிலிருந்து வழியும் தண்ணீர் என் செருப்பை நனைக்கிறது. "அதெல்லாம் இருக்கட்டும் சார். காலையில எந்திரிச்சு வெளிய கூட்டிட்டுப் போறது யாரு? குளிப்பாட்டுறது யாரு?" மூன்று தலைகளும் என் பக்கம் திரும்புகின்றன. பண்ணைக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டு, முதல் முறையாக என்னைப் பார்க்கிறார். "அப்ப நீங்க சொல்லுங்கம்மா, எந்த மாதிரி நாய் வேணும்?" "இருக்கறதிலேயே சத்தமாக் குரைக்கிறதாப் பாத்துக் குடுங்கண்ணே," என்கிறேன். "நான் கத்தினா எங்க வீட்டுல யாருக்கும் காது கேக்கறதில்ல."