கான்ஃப்ளக்ரேஷன்

டியூஷன் சென்டர் ஜன்னலில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்ற கிளிதான் மரத்துப் பறவைகளுக்கு வாத்தியார். அன்று 'கான்ஃப்ளக்ரேஷன்' சொல்லிக்கொடுத்தது. பெருந்தீ என்று அர்த்தம்.

மதியம் மரத்தடியில் சருகு பற்றிக்கொண்டது. மேலே கூட்டில் காகத்தின் இரண்டு குஞ்சுகள் இருந்தன. இறகுகூட முளைக்கவில்லை.

"மாஸ்டர், கான்ஃப்ளக்ரேஷன்! குஞ்சுங்களைத் தூக்க வாங்க" என்று காகம் கத்தியது.

"நாலு சருகு எரியறதுக்கா அந்த வார்த்தை? எல்லாரும் கவனிங்க, இது தப்பான பிரயோகம்" என்றது கிளி. உதவக் கிளம்பிய பறவைகளும் நின்று கேட்டன. அதற்குள் தீ கூட்டைப் பிடித்துவிட்டது.

மறுநாள் பக்கத்து மரத்தில் வகுப்பு நடந்தது. கிளி ஒவ்வொருவரையும் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னது. காகத்தின் முறை வந்தது.

"என் குஞ்சுங்க கான்ஃப்ளக்ரேஷன்ல செத்துப்போச்சு" என்றது காகம்.

"இப்பதான் சரியா சொல்றே" என்றது கிளி.