குவாப்போ

"குவாப்போ... குவாப்போ..."

பிணவறைக்குள்ளேருந்து மூணு நாளா இதே சத்தம். உடம்புகளைக் கழுவித் துடைக்கிற அண்ணன்தான். ஒரு கையில தண்ணிக் குழாய், இன்னொரு கையில போன்.

"என்னண்ணே இது?"

"ஸ்பானிஷ் பாஷை சார். அழகுன்னு அர்த்தம்."

பொண்டாட்டி செத்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. ஐம்பத்தஞ்சு வயசுல ஸ்பானிஷ் கேக்குதா? எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"யாருண்ணே அந்த அழகி?"

அண்ணன் தண்ணிக் குழாயை மூடினார்.

"கடைசியில 'பா'ன்னா பொம்பளைக்காம், 'போ'ன்னா ஆம்பளைக்காம். நாக்கு மாறி மாறிப் போகுது சார்"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். படிப்பு ஏறலைன்னா அழுகை வேற!

ஆபீஸ்ல சொன்னேன். ஆளாளுக்குச் சிரிச்சாங்க. நான் சிரிப்போட விடலை. 'வேலை நேரத்தில் போனில் பொழுதுபோக்கு'ன்னு மேலதிகாரிக்கு ஒரு புகாரும் எழுதிக் கொடுத்தேன்.

இன்னைக்குக் காலையில என் மேஜை போன் அடிச்சுது. கப்பல் கம்பெனிக்காரர்.

"சார், எங்க சிப்பந்தி ஒருத்தர் உடம்பு உங்ககிட்ட இருக்கு. அவரோட அம்மா லைன்ல இருக்காங்க, ஸ்பானிஷ் மட்டும்தான் தெரியும். ஊருக்கு வர்ற சவப்பெட்டியைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம். அதனால மகனைக் குளிப்பாட்டினவர் வாயால ஒரே ஒரு பதில் வேணுமாம். குளிப்பாட்டினவர்கிட்ட மூணு நாள் முன்னாடியே சொல்லி வெச்சிருக்கேன்."

"நீங்களே சொல்லிடலாமே?"

"நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க சார்."

ஸ்பீக்கர்ல போட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். அண்ணன் கையுறையைக் கழட்டிக்கிட்டே ஓடி வந்தார். அந்தப் பக்கம் ஒரு வயசான குரல் நடுங்கி நடுங்கி என்னமோ கேட்டுது.

"என் பிள்ளை முகம் எப்படி இருக்குன்னு கேக்கறாங்க"ன்னார் கம்பெனிக்காரர்.

அண்ணன் போனுக்குக் கிட்டக்க குனிஞ்சார்.

"குவாப்போ... குவாப்போம்மா... குவாப்போ."

அந்தம்மா ஓன்னு அழுதாங்க. அழுகைக்கு நடுவுல ஏதோ சொன்னாங்க.

"எனக்குத் தெரியும், பொறந்தப்பவே அவன் அப்படித்தான் இருந்தான்னு சொல்றாங்க."

லைன் கட்டாச்சு. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"சரியாச் சொன்னேனா சார்?"

நான் தலையாட்டினேன். இன்ஜின் ரூம் தீயில அந்தப் பையனுக்கு முகம்னு ஒண்ணு மிச்சமே இல்லைன்னு அறிக்கை டைப் அடிச்சவன் நான்தான்.