கம்பளிக் கொழுக்கட்டை

கொழுக்கட்டைக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை.

ஆரணி வாயை மறுபடியும் பிரித்துத் தைத்தாள். இந்தமுறை கொஞ்சம் பரவாயில்லை. அசட்டுச் சிரிப்புத்தான், ஆனால் சிரிப்பு.

வெள்ளைக் கம்பளி நூலில் குரோசே ஊசியால் பின்னிய கொழுக்கட்டை. உள்ளங்கைக்குள் அடங்கும். விளிம்பில் மடிப்பு, வயிற்றுக்குள் பஞ்சு, கன்னத்தில் இரண்டு ரோசாப் பொட்டு, வாயில் ஒற்றைப் பல்லு.

குசினியில் உண்மைக் கொழுக்கட்டைகள் அவிந்துகொண்டிருந்தன. பிள்ளைக்கு முதற்பல்லு முளைத்துவிட்டது. பின்னேரம் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத்துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்திய கொழுக்கட்டைகளைச் சொரிவார்கள். சண்டிலிப்பாயில் பாதிச் சனம் வரும். பிள்ளை யாரைப்போல என்று சண்டை பிடிப்பார்கள். பிறகு கொழுக்கட்டைக்குச் சர்க்கரை காணாது என்பார்கள்.

ஆரணிக்கு இதெல்லாம் பக்கத்து வீட்டு விசேசம்போல இருந்தது.

சந்தோசமும் இல்லை, துக்கமும் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாயைப்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. பிள்ளை அழுதால் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பிள்ளை பிறந்த அன்றிலிருந்தே இப்படி.

கிளினிக்கில் ஒரு நேர்ஸ் மிஸ்தான் குரோசே ஊசியைக் கையில் கொடுத்தவர். கை வேலைசெய்தால் மனம் பின்னாலே வரும் என்றார். கை நன்றாகத்தான் வேலைசெய்தது. சிரிக்கிற கேக், சிரிக்கிற தோடம்பழம், சிரிக்கிற றோல்ஸ் என்று கண்ணாடி அலுமாரி நிறைந்துவிட்டது. மனத்தைத்தான் இன்னும் காணவில்லை.

மச்சாள் கீர்த்திகா வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். நாளைக் காலை பஸ்ஸில் பிள்ளையைத் தன்னோடு கொண்டுபோவதாகப் பேச்சு. ஆரணிக்கு ஓய்வு வேண்டுமாம். கொஞ்ச நாளைக்குத்தானாம். அது எவ்வளவு நாள் என்று யாரும் சொல்லவில்லை.

கீர்த்திகா கெட்டவள் அல்ல. புதுப் பால்போத்தல்கூட வாங்கி வந்திருந்தாள். ஆரணியின் புருசன் சிவகரன் அதைப் பார்க்காததுபோலத் தாண்டி, சோடா வாங்கச் சந்திக்குப் போய்விட்டான். ஆரணி, பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள்.

மாமி வேண்டாம் என்றால் பிள்ளை போகாது. சிவகரனின் தாய் கமலாவதி மாமி இன்னும் வாய் திறக்கவில்லை.

அவர் இப்போது பிள்ளையை இடுப்பில் வைத்தபடி வந்து ஆரணிக்கு எதிரே பாயில் இருந்தார். மாமி ஒன்றையும் சும்மா பார்க்கிறவர் அல்ல. நூற்பந்தைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார், பாயில் கிடந்த இரண்டு கறுப்பு மணிகளைப் பார்த்தார்.

நேற்று அவைதான் கொழுக்கட்டையின் கண்கள். இப்போது அந்த இடத்தில் கறுப்பு நூலால் தைத்த கண்கள் இருந்தன. காலை முழுவதும் அதற்கே போயிருந்தது.

ஏன் மாற்றினாய் என்று மாமி கேட்டார். பிள்ளை கடித்து மணி கழன்றால் தொண்டையில் சிக்கிவிடும் என்றாள் ஆரணி. யாருக்கோ விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள்.

மாமி மணிகளைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்தார். நூலின் மிச்சத்தைத் தானே வெட்டிக் கொடுத்தார். கத்தரிக்கோல் எப்போதும் மாமியிடம்தான் இருக்கும்.

பிறகு பிள்ளையைத் தூக்கி ஆரணியின் மடியில் வைத்தார்.

"வைச்சிரு. கொழுக்கட்டை அவிஞ்சிட்டுதோ எண்டு பாத்திட்டு வாறன்."

எழும்பிப் போனார். குசினியில் கீர்த்திகா நிற்கிறாள், மாமி போகவேண்டிய தேவையே இல்லை.

மாமி தன்னை நம்பிப் பார்க்கிறார் என்று ஆரணிக்கு விளங்கியது. மாமி திரும்பி வரும்வரை பேசாமல் இருந்தால் போதும். நாளைக்குப் பிள்ளை எங்கேயும் போகாது.

பிள்ளை கம்பளிக் கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்தது. கடித்தது. அது பிடித்துப்போய், ஆரணியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. கீழ் முரசில் பல்லு அரிசி மணி அளவுக்குத் தெரிந்தது.

ஆரணிக்குப் பயம் வந்தது.

பிள்ளை பிறந்தபிறகு அவளுக்குள் அசைந்த முதல் உணர்ச்சி அதுதான். அது அவளைப் பற்றிய பயம் அல்ல, பிள்ளையைப் பற்றியது.

வைகாசியில் ஒருநாள் விடியற்காலை, வீட்டில் எல்லோரும் வேறு அலுவலாக இருந்தபோது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றாள். ஏன் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. மாமிதான் பின்னால் வந்து இடுப்பைப் பிடித்து இழுத்தார். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விட்டதில்லை.

இன்றைக்குத்தான் விட்டிருக்கிறார்.

ஆரணி கூப்பிட்டாள்.

"மாமி, போகாதேங்கோ. பிள்ளையை என்னோடை தனிய விடாதேங்கோ."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. கீர்த்திகாதான் முதலில் எட்டிப் பார்த்தாள். பிள்ளையை வாங்கக் கைகளை நீட்டிக்கொண்டே வந்தாள்.

மாமி அவளைத் தாண்டி வந்தார். பிள்ளையை அவரும் வாங்கவில்லை. ஆரணியின் பக்கத்தில், தோள் தோளில் முட்ட இருந்து, காலை நீட்டிக்கொண்டார்.

"கீர்த்தி, நாளைக்கு நீ மட்டும் போ. நான் இவை ரெண்டுபேரோடையும் இருக்கிறன்."