புல்தரைக் காளான்

"தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்! அது விசம்."

பங்களா சமையற்காரன் மத்தியாஸ் போட்ட சத்தத்தில் சுருளியம்மாளின் கையிலிருந்த களைக்கொத்து நழுவி விழுந்தது.

விஷமாம் விஷம்! நேற்று இடித்த இடியில் துரை பங்களாப் புல்தரை முழுக்கக் காளான் குடை விரித்து நிற்கிறது. பங்களாத் தோட்ட வேலைக்கு அவள் இன்றைக்குத்தான் புதுசு. காளானுக்குமா புதுசு?

குமுளி ஏற்றத்தில் மண் சரிந்து ஐந்து நாளாக அரிசி வண்டி வரவில்லை. வண்டிப்பெரியார்க் கடைகளில் ஒரு மணி அரிசி கிடையாது. எஸ்டேட் கூலிகளின் லயத்து வீட்டில் மருமகள் பூமாரி, இரண்டு பிள்ளைகளையும் வெறும் தேயிலைத் தண்ணியைக் கொடுத்து ஏய்த்துக்கொண்டிருக்கிறாள். இவனானால் இங்கே காவல் காக்கிறான்!

"ஒரு மடி பிடுங்கிக்கிடுதேன்யா. பச்சப்பிள்ளைக பட்டினி கெடக்கு."

"பேசாம களையெடு. துரைசாணி வாராக."

துரைசாணி வந்தே விட்டாள். அரைகுறைத் தமிழில் கேட்டாள்: "மத்தியாஸ், இது சாப்பிடலாமா?"

"ஐயோ, கொல்லுற விசம்! நாய் மோந்தாலும் செத்துரும். பிடுங்கி வேலிக்கு வெளிய கொட்டிருதேன்."

சுருளியம்மாளுக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. தின்கிற பண்டத்தைத் தெருவில் கொட்டுவானாம், பிள்ளைகளுக்கு ஒரு கை தரமாட்டானாம்! இவனெல்லாம் மனுசனா?

"பச்சப் பொய்யி தாயே!" களைக்கொத்தை எடுத்து ஒன்றை அடியோடு தோண்டி நீட்டினாள். "வேரப் பாருங்க, முழ நீளம் மண்ணடிக் கரையான் புத்துக்குள்ள எறங்கியிருக்கு. விசக்காளானுக்கு ஏது வேரு? அடி உருண்டையால்ல நிக்கும்! இது புத்துக்காளான். கறி தோத்துப்போகும்!"

அதோடு விட்டாளா? பச்சையாகவே கடித்துத் தின்றும் காட்டினாள்.

துரைசாணிக்கு வாயெல்லாம் பல். "நல்லது! எல்லாம் குசினிக்குக் கொண்டு போ. இன்னிக்கு சூப்."

கூடை கூடையாக உள்ளே போயிற்று. புல்தரையில் ஒன்று மிச்சமில்லை.

"என்னய்யா, உன் பொய் நாறிப்போச்சா?" என்று நிமிர்ந்து நின்று கேட்டாள் சுருளியம்மாள்.

மத்தியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கெடுத்தியே அக்கா! வருசா வருசம் விசம்னு சொல்லித்தான வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டுதேன். ஒரு தடவ அது மண்ணுல விழுந்திருக்குமா? இந்தத் தடவ யாருக்குச் சொல்லியனுப்பினேன்னு எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தாள்.

மடியை விரித்துப் பிடித்துக்கொண்டு பூமாரி நின்றிருந்தாள்.